டிசம்பர் கடைசி வாரத்து லீவு

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால், அதுவரை நிமிடத்துக்கு ஒரு மெயில் அனுப்பி என் உயிரை எடுத்த, எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் எல்லாரும் ஒரே நாளில் காணாமல் போய்விடுவார்கள். என்ன மெயில் போட்டாலும் தானாக ஒரு பதில் வரும்: விடுமுறையில் இருக்கிறேன், புத்தாண்டு முடிந்து வருகிறேன். ஒருத்தி, எந்தத் தீவுக்குப் போகிறாள் என்பதையும் சேர்த்து எழுதியிருப்பாள். அவர்கள் கடலுக்குப் போட்டுக்கொண்டு போகும் டீ ஷர்ட்டையும், பனிக்குப் போட்டுக்கொண்டு போகும் ஹூடியையும் நேரத்துக்கு அனுப்பிவைத்தவன் நான்தான். திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக மெர்ச்சண்டைசர். ஆர்டர் வாங்கியதிலிருந்து கன்டெய்னர் கிளம்புகிற வரைக்கும் யார் கழுத்தையாவது பிடித்துக்கொண்டே இருப்பதுதான் அந்த வேலை.

இப்போது இங்கேயும் ஊரே டூர் போகிறது. எங்கள் கட்டிங் மாஸ்டர் குடும்பத்தோடு வியட்நாம் போய்விட்டு வந்தார். பேக்கிங்கில் இருக்கும் பெண்கள் சேர்ந்துகொண்டு கோவா போய் வந்தார்கள். ஊரைப் பார்க்கப் போகிறார்களா, ஸ்டேட்டஸ் வைக்கப் போகிறார்களா என்று கேண்டீனில் நான் கிண்டல் செய்வேன். எல்லாம் வயிற்றெரிச்சல். நான் எங்கேயும் போனதில்லை. நான் போகாததால் என் மனைவியும் போனதில்லை.

கல்யாணமான புதிதில் சாம்பிளுக்கு வந்த ஹூடி ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். அவள் உள்ளே கையை விட்டுப் பார்த்தாள்.

"இத்தன கனமாப் போட்டுட்டு எங்கீங்க போவாங்க?"

"பனி கொட்டற ஊருக்கு."

"கொட்டறப்ப மழையாட்டம் சத்தம் வருமுங்களா?"

எனக்குத் தெரியவில்லை. "நேர்ல போயிக் கேட்டுக்கலாம்" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் அதை வாக்காக எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான்கு தடவை மணாலிக்கு நாள் குறித்தோம். நான்கும் டிசம்பர் கடைசி வாரம்தான். மற்ற நாளில் பையர் விடமாட்டான். ஒரு தடவை துணி கலர் மாறி வந்தது. இன்னொரு தடவை இன்ஸ்பெக்ஷனில் மொத்தச் சரக்கும் நின்றுபோனது. மூன்றாவது என்னவென்று எனக்கு மறந்துவிட்டது, அவளுக்கு மறந்திருக்காது. நான்காவது தடவை கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்குப் போகக் கார் வாசலில் வந்து நின்றுவிட்டது. மகள் ஷூவெல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்பெனியிலிருந்து போன். பெட்டிகளில் சைஸ் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டிவிட்டார்கள், கன்டெய்னர் கிளம்ப முடியவில்லை. நான் போயிருக்காவிட்டால் வேறு யாராவது பார்த்திருப்பார்கள். இதை இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு எவனாவது சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

முதல் மூன்று தடவையும் அவள் என்னோடு சண்டை போட்டாள். ஒரு தடவை பத்து நாள் பேசவில்லை. ஆனால் அன்றைக்கு, "சரிங்க, போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். டிரைவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். பெட்டியைத் திறந்து ஸ்வெட்டர்களை எடுத்து பீரோவில் அடுக்கினாள். ஒருவழியாக என் வேலையைப் புரிந்துகொண்டாள் என்று நினைத்து நான் நிம்மதியாக வண்டியை எடுத்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சண்டையே இல்லை. கொடுத்து வைத்தவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

போன வருடம் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த மகள், அம்மாவின் போனில் ஏஐ ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். டூருக்கெல்லாம் இப்போது அதில்தான் பிளான் போடுகிறார்களாம். என் மனைவிக்குத் தட்டிக்கொண்டிருக்கப் பொறுமை கிடையாது, மைக்கை அழுத்திப் பேசுவாள். "ஏனுங்க, மணாலீல தயிர் கெடைக்குமுங்களா?" "ஏனுங்க, முட்டிவலிக்காரங்க அங்க நடக்க முடியுமுங்களா?" அது அலுத்துக்கொள்ளாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும். நான் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "அதென்ன உன்ற சின்ன மாமனாரா, இத்தன மரியாதை?" என்பேன். ஒருநாள் அது, பனிக்கால உடைகளைத் திருப்பூரிலேயே நல்ல தரத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னது. எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுதுங்க அது" என்றாள்.

எனக்கு உறைக்கவில்லை.

ஏனென்றால் வரும் டிசம்பரில் எப்படியும் அவளை மணாலிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று நான் மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். நான்கு தடவை சொல்லிக் கெடுத்ததால் இதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். டிக்கெட், ரூம் எல்லாம் எப்போதும் போல அவளும் மகளும் பார்த்துக்கொள்வார்கள், நான் வந்து நின்றால் போதும் என்ற எண்ணம். ஆகஸ்டிலிருந்தே ஒவ்வொரு ஆர்டருக்கும் நாலு நாள் முன்னதாகத் தேதி வைத்து எல்லாரையும் விரட்டினேன். லீவு கேட்டபோது எங்கள் எம்.டி. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏப்பா, ஒடம்புக்கு ஏதாச்சுமா?" என்றார். ஒன்பது நாள் கொடுத்தார். சாம்பிள் ரூமில் கிடந்த ஹூடிகளில் இரண்டை எடுத்து டிராயரில் வைத்துக்கொண்டேன். கிளம்புவதற்கு முந்தின நாள் இரண்டையும் அவள் மடியில் போட்டு அசத்துவதாகத் திட்டம். ஐம்பது வயதில் எனக்கு இப்படியெல்லாம் தோன்றியிருக்கிறது. நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு காலையில் அவள் தன் போனை என்னிடம் நீட்டினாள். "பிளானை ஆபீசுல பிரிண்ட் எடுத்துக் குடுங்க. எனக்கு இதை அனுப்பத் தெரியலீங்க." தெரியாமல் கொடுத்தாளா, தெரிந்தே கொடுத்தாளா என்பது இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஆபீசில் உட்கார்ந்து அதைத் திறந்தேன். ஒழுங்காகத்தான் போட்டிருந்தது. எத்தனை மணிக்கு விமானம், எந்த நாள் எங்கே, எங்கே சூடான சாப்பாடு, எங்கே கழிப்பறை. என் வேலையை நாளைக்கே இதனிடம் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. மேலே முதல் வரியில், பயணம் செய்பவர்: ஒருவர், என்று இருந்தது. மெஷின் தப்புப் பண்ணிவிட்டது என்று எனக்கு உள்ளூர சந்தோஷம். திருத்துவதற்காக மேலே தள்ளிக்கொண்டே போனேன்.

எத்தனை பேர் போகிறீர்கள் என்று அது கேட்டிருந்தது. அவள் பேசியது அப்படியே எழுத்தாகக் கிடந்தது.

"ரெண்டு பேருன்னு போடுங்க. ஆனா அவரு வரமாட்டாருங்க. நாலு தடவ ஆயிருச்சுங்க. அவரு கெட்டவரில்லீங்க. கடைசி நேரத்துல போன் வருமுங்க, போயிருவாரு. எனக்கு இனி அந்தப் பெட்டியப் பிரிச்சு அடுக்க முடியாதுங்க."

அதற்கு அது எழுதியிருந்தது: "புரிகிறது. அப்படியானால் அவர் வருவதை நம்பியிராத ஒரு திட்டத்தைப் போடுவோம். அவர் வந்தால் அது கூடுதல் மகிழ்ச்சி." அதற்குக் கீழே அவள், "அப்ப ஒரு ஆளுன்னே போட்ருங்க" என்று முடித்திருந்தாள்.

ஒருத்தரை நம்பாமல் திட்டம் போடும் இந்த வித்தை எனக்குப் புதிதல்ல. வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறைக்காரர் சொன்ன தேதிக்குத் துணி தராமல் என்னைப் பலதடவை கழுத்தறுத்தார். ஒவ்வொரு தடவையும் நேரில் போய்க் கத்தினேன். பிறகு கத்துவதை விட்டுவிட்டேன். போனால் டீ குடிப்பேன், பிள்ளைகளை விசாரிப்பேன். ஆனால் நான் போடும் எந்தத் திட்டத்திலும் அவரை நம்பி ஒரு தேதிகூட வைப்பதில்லை. துணி வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். "இப்பெல்லாம் அண்ணன் கோவப்படறதே இல்லீங்க, தங்கமாயிட்டீங்க" என்று அவர் ஒருநாள் பெருமையாகச் சொன்னார். பாவம், அவரை நான் கழற்றிவிட்டு அப்போதே ஒரு வருடமாகியிருந்தது. எங்கள் தொழிலில் யாரையும் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை.

அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பட்டறைக்காரருடைய முகத்தை நினைத்தேன். பிரிண்ட் எடுத்தேன். இரண்டு ஹூடிகளையும் பையில் போட்டுக்கொண்டு சாயங்காலமே வீட்டுக்குப் போனேன்.

"ஒரு ஆளுக்குத்தான் போட்டிருக்குது" என்றேன்.

"ஆமாங்க. லேடீஸ் மட்டும் போற குரூப்புங்க. கோயமுத்தூர்ல இருந்து கூட்டிட்டுப் போறாங்க. நம்ம பாப்பாதான் பெங்களூர்ல இருந்தே புக் பண்ணுனா."

"நான் லீவு வாங்கிட்டேன், அம்மிணி. ஒம்போது நாளு."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் சொல்வதை நம்பினாள் என்பது முகத்தில் தெரிந்தது. சந்தோஷப்பட்டாள் என்பது தெரியவில்லை.

"சொல்லியிருக்கலாமுல்லீங்க."

"நீ கேட்டிருக்கலாமுல்ல?"

"நாலு தடவ கேட்டனுங்களே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இவள்மேல் காட்ட முடியாத கோபத்தை மெஷின்மேல் காட்டினேன். குடும்பம்னா என்னன்னு அதுக்குத் தெரியுமா, அது சொன்னா நீ கேட்டுக்குவியா என்று கத்தினேன். அவள் வெங்காயத் தோலைக் கூட்டி முறத்தில் அள்ளினாள். "அது ஒண்ணுஞ் சொல்லலீங்க. நாஞ் சொன்னதைத்தான் எழுதுச்சுங்க" என்றாள்.

வேண்டுமானால் தன் பயணத்தை நிறுத்திவிடட்டுமா என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஆமாம் என்று சொல்லியிருப்பேன், அந்த லட்சணத்தில்தான் இருந்தேன். ஹூடி ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்து எடுத்துக்கொண்டாள். அளவு சரியாக இருந்தது.

ஏர்போர்ட்டில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். அவளைப் போலவே ஐம்பதை ஒட்டிய பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே கலர் தொப்பியோடு நின்றார்கள். அடுத்த வருசம் நாம ரெண்டு பேரும் போலாம் என்றேன். "சரிங்க" என்றாள். கன்டெய்னர் நின்றிருந்த அன்றைக்குச் சொன்ன அதே சரிங்க. பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக நானும் என் மெயிலில் அந்தத் தானியங்கிப் பதிலைப் போட்டுவைத்திருந்தேன்: விடுமுறையில் இருக்கிறேன். யாரும் மெயில் அனுப்பவில்லை. கம்பெனியிலிருந்தும் ஒருத்தரும் கூப்பிடவில்லை. நான் இல்லாமல் எல்லாம் நன்றாகவே நடந்தது.

நான்காம் நாள் மத்தியானம் அவளிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. கீழே, "சத்தமே இல்லீங்க, கேட்டுப் பாருங்க" என்று எழுதியிருந்தாள். ஃபேனை நிறுத்திவிட்டு போனைக் காதோடு வைத்துக் கேட்டேன். நிஜமாகவே சத்தம் இல்லை. அதனால் பக்கத்தில் நின்ற ஒரு பெண் கேட்டது தெளிவாக விழுந்தது.

"உங்கூட்டுக்காரரு வரலீங்களா?"

என் மனைவி யோசிக்கவே இல்லை. "அவருக்கு லீவு கெடைக்காதுங்க" என்றாள்.