தம்பலப்பூச்சிக்குப் பேர் சொன்னவள்

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் வெற்றிலை விற்ற மரியநாயகிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கடலில் நீந்துவதோ தரையில் ஊர்வதோ, எதைக் காட்டிக் கேட்டாலும் பேர் சொல்லுவாள். அறுபத்திரண்டாம் ஆண்டு ஐப்பசியில், முதல் மழை விட்ட காலையில், தபாற்கந்தோர் எழுதுவினைஞர் பரமலிங்கம் அங்கே வள்ளத்துக்குக் காத்துநின்றார். தீவுப்பகுதிச் சொற்களைக் கொப்பியில் திரட்டிவந்தவர் அவர். ஈரமணலில் சிவப்புப் பட்டுப்போல ஊர்ந்த தம்பலப்பூச்சிகளைக் காட்டி, இந்தப் பேர் எப்படி வந்திருக்கும் என்று நின்றவர்களைக் கேட்டார். போர்த்துக்கேயச் சொல்லாக இருக்கும் என்றார் ஒருவர்.

மரியநாயகி வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றை மணலில் துப்பிக் காட்டினாள்.

“இதுதான் தம்பலம், தம்பி. இந்த நிறமெண்டபடியால் அது தம்பலப்பூச்சி.”

பரமலிங்கம் வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டினார். தாம்பூலம் என்ற சொல்தான் பேச்சில் தேய்ந்து தம்பலமாகி, மென்று துப்பும் சாற்றுக்கும் பேராகியிருந்தது. மறுநாளே கொப்பியோடு வந்து அவளது வெற்றிலைப் பெட்டியடியில் குந்தினார். அதன்பிறகு இரண்டு வருடம், வியாபாரத்துக்கு நடுவே அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.

அறுபத்தைந்தில் வாசிகசாலை அந்தத் திரட்டை இருநூறு பிரதி அச்சிட்டது. முன்னுரையில் தலைவருக்கு நன்றி, அச்சகத்தாருக்கு நன்றி. மரியநாயகியின் பேர் எங்கும் இல்லை. மகள் கத்தரீனா முழுவதையும் வாசித்துக் காட்டி முடித்தபோது மரியநாயகிக்கு முகம் சுண்டிப்போயிற்று. பெட்டியை மகளிடம் விட்டுவிட்டு, பரமலிங்கத்தைத் தேடி, அதுவரை படியேறாத வாசிகசாலைக்கு நேரே நடந்தாள்.

“நீர் கேட்டீர், நான் சொன்னனான். என்ரை பேரை மட்டும் ஏன் விட்டனீர்?”

பரமலிங்கத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“வெத்திலை விக்கிற ஆளின்ரை பேரைப் போட்டால் படிச்சவை சிரிப்பினம் எண்டு நினைச்சிட்டன், அக்கா. பிழை என்னிலைதான்.”

அன்றே பேனையை எடுத்து, கையிலிருந்த பிரதிகளில் ஒவ்வொன்றாக அவள் பேரை எழுதினார். விற்றுப்போனவற்றைத் தேடிச் சைக்கிளில் புங்குடுதீவுவரை போனார். மரியநாயகியின் கோபம் ஆற ஒரு மாதம் சென்றது. ஆறியபின் மீன்களின் பேர்களைச் சொல்லத் தொடங்கினாள்.

எழுபத்தொன்றில் வந்த இரண்டாவது திரட்டின் அட்டையில் இருவர் பேரும் இருந்தன, அவளுடையது மேலே. வெளியீட்டுக்குக் கோயிலுக்கு உடுக்கும் சேலையில் வந்தவள், பேசச் சொன்னபோது மறுத்துவிட்டாள். ஆனால் மேடையில் ஒருவர் திருக்கை மீன் வகைகளை மாற்றிச் சொல்ல, அவளால் பொறுக்க முடியவில்லை. இருந்த கதிரையை விட்டு எழும்பி அதைத் திருத்தினாள். பிறகு அரைமணி நேரம் அவள் பேச, சபை அசையாமல் கேட்டிருந்தது.