ஊசியும் மரையும்

தெலுங்கு பேசும் எங்கள் ஊரின் நாச்சாரம் பகுதியில் வால்வு செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் அலுவலக வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுக்காரர்களோடு பேசுவது என் பொறுப்பு. முதலாளிக்குத் தொழில் அத்துப்படி. ஆங்கிலம் பேசச் சொன்னால் மட்டும் வியர்த்துவிடும்.

போன வருடம் ஜெர்மனிக்குப் போக வேண்டிய ஊசி வால்வுகள் தாமதமாயின. குழாயில் வாயு போகும் வழியை, கூர்முனை கொண்ட ஒரு கம்பி திருகத் திருகத் திறக்கும், மூடும். அதுதான் ஊசி வால்வு. கோளாறு அந்தக் கம்பியைச் சுற்றி வெட்டும் திருகு மரையில். கடைசல் இயந்திரமான லேத்தில் மரை வெட்டும் டூல் தேய்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பாதிக்கு மேல் கம்பிகளைக் கழித்து என் மேஜையருகே கோணிப்பையில் போட்டு வைத்திருந்தார்கள்.

"நாளைக்கு மீட்டிங்ல கரண்ட் பிரச்சினைன்னு சொல்லுங்கம்மா. மரை பத்தி மட்டும் செப்பொத்து, சொல்லவே வேண்டாம்," என்றார் முதலாளி. என்னிடம் பேசும்போது தமிழும் தெலுங்கும் கலந்துதான் வரும் அவருக்கு.

பொய் சொல்ல எனக்கு மனமில்லை. ஆர்டர் கைவிட்டுப் போனால் லேத்தில் நிற்பவர்களின் வேலை போகும் என்பதும் தெரியும். வீட்டில் மகளிடம் கேட்டேன். தார்நாகாவிலேயே பிறந்து வளர்ந்தவள், கல்லூரி மாணவி. என் தமிழ் அவளுக்குப் புரியும். பதில்தான் எந்த மொழியில் வருமென்று சொல்ல முடியாது.

"பொய்யும் சொல்லக் கூடாது, முதலாளியையும் மாட்டி விடக் கூடாது. ரெண்டு பக்கமும் இடிக்காம நடுவுல போறதுக்கு இங்கிலீஷ்ல என்னடி சொல்வாங்க?"

"த்ரெட் த நீடில்," என்றாள் போனிலிருந்து கண்ணெடுக்காமல். "ஊசியில நூல் கோக்குற மாதிரி."

"சரியா இருக்குமா?"

"ஹவ் மம்மி. கைக்கு டென்ஷன்?" என்றாள் இந்த ஊர் உருதுவில். ஆமாம், எதுக்கு டென்ஷன் என்று அர்த்தம்.

மறுநாள் திரையில் வந்தவர் வால்வு வாங்கும் ஜெர்மன் கம்பெனியின் பொறியாளர். ஆங்கிலம் அவருக்கும் பள்ளிக்கூடத்தில் படித்த மொழிதான். இங்கே பல நெருக்கடிகள், எப்படியாவது 'த்ரெட் த நீடில்' செய்யப் பார்க்கிறோம் என்றேன். சொல்லி முடித்ததும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் முன்னால் சாய்ந்தார். எங்கள் தொழிலில் த்ரெட் என்றால் நூல் இல்லை, மரை. நீடில் என்றால் வால்வின் ஊசி.

"ஊசியில் மறுபடி மரை வெட்டுகிறீர்களா? முன்பு வெட்டியதற்கு என்ன ஆயிற்று?"

பக்கத்து நாற்காலியில் முதலாளி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அது வெறும் சொல்வழக்கு, வேறு அர்த்தம் என்று நான் தப்பித்திருக்கலாம். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இன்று மறைத்தால் அடுத்த வாரமும் மறைக்க வேண்டும், அதை நான்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு நான் தயாராக இல்லை.

"ஆமாம் சார். மரை சரியாக வரவில்லை. நாங்களே கண்டுபிடித்துக் கழித்துவிட்டோம்," என்றேன். எழுந்து போய்க் கோணிப்பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்துவந்து கேமரா முன்னால் பிடித்தேன்.

அதைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தார். காரணம் கேட்டார், சொன்னேன். நல்லவற்றை முதலில் அனுப்பச் சொன்னார். மீதிக்கு ஒரு மாதம் தந்தார். ஆனால் அனுப்புவதற்கு முன் அவர்கள் ஆள் ஒருவர் வந்து ஒவ்வொன்றாகச் சோதிப்பார் என்றும் சொன்னார். அது எங்களுக்குக் கௌரவமான விஷயமில்லை.

திரை அணைந்த பிறகு முதலாளி என்னைப் பார்க்கவில்லை. "நான் வேண்டாம்னுதானே சொன்னேன்?"

"சொன்னீங்க சார். ஆனா கரண்ட்டுன்னு என்னால சொல்ல முடியாது. இதுக்கப்புறமும் முடியாது."

அவர் எழுந்து லேத் பக்கம் போனார். சோதிக்க வந்தவர் இரண்டு நாள் தங்கினார். ஐந்து கம்பிகளைத் திருப்பித் தந்துவிட்டு மற்றதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆர்டர் பாதியாகத்தான் வந்தது. அந்த ஆர்டருக்கான மீட்டிங்கில், நான் வாயைத் திறக்கும் முன்பே, முதலாளி வியர்க்க வியர்க்கத் தன் ஆங்கிலத்தில் புது டூல் வாங்கியதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.