வரிசைக்கு வெளியே ஒரு பங்கு

கஸ்பாருக்கு நடந்ததைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு மனசு ஆறாது. அவர் என் அக்காள் எல்சியின் புருஷன். ராயபுரத்துக்காரர். அவருடைய அப்பா, நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவரும் மசூலாப் படகில் துடுப்புப் போட்டவர். துறைமுகம் வந்து அந்தப் படகுகளுக்கு வேலையில்லாமல் போகவே, மகன் ரயில்வே பட்டறையில் சேர்ந்து இன்ஜின் வேலை கற்றுக்கொண்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் பட்டணத்துக்குத் தெற்கே பறக்கும் கிளப் ஒன்றில் மெக்கானிக் ஆனார். ஒரு பரீட்சை மிச்சம் இருந்தது. அது தேறினால் விமானத்தைச் சோதித்து, 'இது பறக்கலாம்' என்று அவரே கையெழுத்துப் போடலாம். சோற்றில் கை வைத்தபடி அந்தக் கையெழுத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். அக்காள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தக் கிளப்பில் பறக்கப் பழகிக்கொண்டிருந்தவன் லோகநாதன், திருவொற்றியூர் மரவாடி முதலாளியின் மகன். கஸ்பாரை 'தோஸ்து' என்றுதான் கூப்பிடுவான். எண்ணூர்க் குப்பத்தில் அக்காளும் அவரும் எங்களோடு இருந்த வீட்டுக்கு வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்து, "எங்க வூட்ல இந்த ருசி வராதுக்கா" என்று வஞ்சிரக் குழம்பை ஒரு பிடி பிடிப்பான். அக்காளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். எனக்கும்தான் அவனைப் பிடித்திருந்தது, பாவி.

எங்கள் குப்பத்தில் கரைவலை இழுக்கும்போது கயிற்றைத் தொட்டவனுக்கெல்லாம் மீனில் பங்கு உண்டு. வழிப்போக்கன் வந்து கை கொடுத்தாலும் சரி. பங்குகளை மணலில் வரிசையாக வைப்போம். கூட இருந்தே ஏமாற்றியவன் ஒருவன் இருந்தால், அவன் பங்கை வரிசைக்கு வெளியே தனியாக வைத்து, எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுவோம். அதோடு சரி, அவன் மறுபடி எங்கள் கயிற்றைத் தொடக்கூடாது. ஒருநாள் சின்னப்பையன் என்கிற ஆளுக்கு அப்படிக் கொடுத்ததை லோகநாதன் பக்கத்தில் நின்று பார்த்தான். "யப்பா, இதுக்கு செருப்பால அடிச்சிருக்கலாமே!" என்று சிரித்தான்.

அவனுக்குத் தனியாகப் பறக்க அனுமதி கிடைத்தது. கிளப் மைதானத்தைச் சுற்றி மட்டும்தான். ஐயா கேட்பாரா?

"தோஸ்து, ஞாயித்துக்கெயம ஒங்க குப்பத்து மணல்ல எறக்கிக் காட்டறேன் பாரு."

"வாணாம் தம்பி, பேஜாரா பூடும்."

"நீ இன்னா சொன்னாலும் எறக்கத்தான் போறேன்."

இறக்கத்தான் போகிறான் என்றால் நல்ல இடத்திலாவது இறக்கட்டுமே என்று கஸ்பார் ஈரம் இறுகிய மணலாகப் பார்த்துக் கழி நட்டு, சிவப்புத் துணி கட்டினார்.

ஞாயிறு பூசை முடிந்து குப்பமே கரையில் நின்றது. விமானம் கடல் பக்கமாக வளைந்து அழகாகத்தான் இறங்கியது. ஆனால் கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே வந்தவன் கழிகளைத் தாண்டிய பிறகுதான் தரையைத் தொட்டான். முகத்துவாரத்தின் பொதபொத மணலில் சக்கரம் புதைய, வால் மேலே எழும்ப, மூக்கு மணலில் குத்தி, முன்னால் இருந்த சுழல்விசிறி சிதறியது. சேசுவே என்று ஓடினோம். நெற்றியில் ரத்தத்தோடு வெளியே வந்தவன், சக்கரத்தை நனைத்த அலையைப் பார்த்து, "இழுங்கய்யா, கடல் இட்டுகினு பூடும்!" என்று அலறினான்.

எங்களிடம் இழுக்கச் சொன்னால் போதாதா? படகுக்குக் கட்டுகிற மாதிரி இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஏலேலோ போட்டோம். "ரெக்கைய வுடுங்க, வாலப் புடிங்க!" என்று கஸ்பார் கத்தியது பாட்டில் அமுங்கிவிட்டது. ஒரு இறக்கை முறிந்து தொங்கியது. ஆனாலும் கரையேற்றிவிட்டோம். லோகநாதனும் கயிறு பிடித்து இழுத்தான், உள்ளங்கை உரிய உரிய. விமானத்துக்குக் கட்டினாலும் அது எங்கள் கயிறுதானே, சாயங்கால வலையில் கிடைத்த மீனில் அவனுக்கும் வரிசையில் ஒரு பங்கு வைத்தோம். "இனிமே நானும் ஒங்க ஆளு" என்று ஓலையில் சுற்றி எடுத்துப்போனான்.

மறுநாள் காலையில் வந்து கஸ்பாரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணும்னே எறக்கினேன்னு தெரிஞ்சா என்னைத் தூக்கிடுவாங்க. இன்ஜின் நின்னு போச்சுன்னு சொல்லப்போறேன். பாத்தியான்னு கேப்பாங்க, ஆமான்னு சொல்லு தோஸ்து."

"ஏன் நின்னுச்சுன்னு கேட்டா?"

"அத நான் பாத்துக்கறேன். ஒன் மேல தூசி படாது."

கிளப் விசாரணையில் கஸ்பார் அப்படியே சொன்னார். கரையிலிருந்து பார்த்தேன், இன்ஜின் சத்தமில்லாமல்தான் இறங்கியது என்றார். செக்ரட்டரி துரை அடுத்த கேள்வி கேட்டார்: அந்த இன்ஜினைக் கடைசியாகப் பார்த்தது யார்? கஸ்பார்தான். அவர் லோகநாதனைப் பார்த்தார். அவன் நெற்றிக் கட்டைத் தடவிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாது சார். இவரை நம்பித்தான் ஏறினேன்" என்றான்.

வேலை போயிற்று. இனி அந்தப் பரீட்சைக்கு உட்காரவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நான் குதித்தேன். "அங்கியே உண்மையைச் சொல்றதுக்கு இன்னா மச்சான்?"

"ஒரு வாட்டி பொய் சொல்லிட்டேனே தாமஸு. அப்பால எவன் நம்புவான்?" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அதன் பிறகு எங்களோடு வலை இழுக்க வந்துவிட்டார். தலைக்கு மேல் விமானம் போனால் குனிந்து கயிற்றையே பார்ப்பார்.

மழைக்காலம் கழிந்து ஒருநாள் லோகநாதன் காரில் வந்து இறங்கினான். லைசென்ஸ் கிடைத்துவிட்டதாம். கையில் மிட்டாய்ப் பெட்டி. நாங்கள் பங்கு வைத்துக்கொண்டிருந்தோம். எழுந்த வேகத்தில் நான் அவனை அடித்தே இருப்பேன், அக்காள் என் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கஸ்பார் தன் பங்கிலிருந்து நல்ல வஞ்சிரமாக ஒன்றை எடுத்து, ஓலையில் தனியாக வைத்தார். பிறகு ஓலையோடு தூக்கி அவன் கையில் கொடுத்தார்.

அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இன்னிக்கு நான் கயிறே தொடலியே தோஸ்து?"

சொல்லிவிட்டு மணலைப் பார்த்தான். எங்கள் பங்குகள் வரிசையாக இருந்தன. அவனுடைய ஓலை இருந்த தடம் அந்த வரிசையைவிட்டுத் தள்ளி இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னை நம்பித்தான் ஏறினேன்னு சொன்னியே லோகு," என்றார் கஸ்பார். "நானும் ஒன்ன நம்பித்தான் ஆமான்னு சொன்னேன்."

அவன் மீனைக் கீழே வைக்கவும் தெரியாமல், எடுத்துக்கொண்டு போகவும் தெரியாமல் நின்றான். நாங்கள் எங்கள் பங்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.