கண்ணாடி ஏறாத ஏ.ஸி. கார்

மன்னார்புரம் வீரமலைக்கு மூக்கு நுனியில் கோபம் என்று தெருவில் சொல்வார்கள். சொன்னவர்களில் ஒருத்தராவது ஒரு கத்திரி வெயில் முழுக்க முதலாளி திருவேங்கடத்துக்குக் கார் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால், இவ்வளவு பொறுமையான ஆள் ஜில்லாவிலேயே கிடையாது என்று சொல்லியிருப்பார்கள்.

வீரமலை முதலில் லாரி டிரைவர். துறையூரில் கடலை மூட்டை ஏற்றினால் பம்பாய் வரைக்கும் போவான். போனவன் எப்போது திரும்புவான் என்பது அவனுக்கே தெரியாது. அப்படிப் போயிருந்த ஒரு தடவைதான் மூத்த பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. வந்து சேர்ந்தவனுக்குப் புதைத்த இடத்தைத்தான் காட்டினார்கள். அவன் பெண்டாட்டி காளியாயி அப்போது அழக்கூட இல்லை. "இனிமே ராத்திரி வீட்டுல படுக்கிற வேலையாப் பாருங்க. இல்லாட்டி நான் எங்க அம்மா வீட்டோட போயிடறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அதனால்தான் ஸ்ரீரங்கத்து மரக்கடை முதலாளி திருவேங்கடத்திடம் கார் டிரைவராகச் சேர்ந்தான். சம்பளம் லாரியில் கிடைத்ததில் பாதிதான். ஆனால் பொழுது சாய்ந்தால் கார் கொட்டகைக்குப் போகும், அவன் வீட்டுக்குப் போவான். இப்போது காளியாயிக்கு மறுபடியும் ஏழாவது மாசம். பிரசவம் வரைக்குமாவது இந்த வேலை நிலைக்க வேண்டுமே என்பதுதான் அவனுக்கு ஒரே கவலை.

நிலைக்க விட்டால்தானே! அறுபத்து நாலாம் வருஷம் பங்குனியில் முதலாளி மெட்ராஸ் போய், ஊருக்குத் திரும்பும் ஒரு வெள்ளைக்காரரிடம் பச்சை நிற அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கினார். ஏ.ஸி. வைத்த கார். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு குமிழ். குமிழைத் திருகினால் முகத்தில் ஜில்லென்று காற்று அடிக்கும். மெட்ராஸிலிருந்து வரும்போது செங்கல்பட்டு தாண்டியதும் முதலாளி அந்தக் குளிர்ச்சியில் கண்ணசந்தவர், திருச்சி வரும்வரை விழிக்கவே இல்லை. அன்றைக்குக் கார் எவ்வளவு நன்றாகக் குளிர்ந்தது என்று ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

மறுநாள் ஊருக்குள் ஓட்ட ஆரம்பித்ததும் பிடித்தது சனியன்.

வீதி திரும்பியதும் ராயகோபுரம் வரும். முதலாளி பின் சீட்டில் நகர்ந்து உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிக் கைகூப்புவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து கும்பிட்டால் அது கும்பிடே இல்லை என்பது அவர் கட்சி. ஏற்றிவிட்டால் அடுத்து அம்மா மண்டபம். இறக்குவார். காவேரிப் பாலத்தில் ஆற்றுக்குக் காசு போட வேண்டும், அதற்கு ஒரு தடவை இறக்குவார். சித்திரையில் ஆறு ஏது? பாதிக் காசு மணலில்தான் விழும். சிந்தாமணியில் பிள்ளையார், தாண்டினால் மலைக்கோட்டை. தெப்பக்குளம் பக்கம் மாதா கோயிலுக்கும் ஒரு கும்பிடு உண்டு. எந்தத் தெய்வத்தையும் விரோதித்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை. நடுவில் தெரிந்தவர்கள் யாராவது எதிரே வந்தால் அதற்கும் இறக்கியாக வேண்டும். இவ்வளவு பெரிய காரில் போவது யார் என்று நாலு பேருக்குத் தெரியாவிட்டால் கார் வாங்கி என்ன பிரயோஜனம்? கடைசியில் ஏற்றி இறக்கிக் கை வலிக்கிறது என்று கண்ணாடியை இறக்கியபடியே விட்டுவிடுவார்.

அடுப்பிலிருந்து வருகிற மாதிரி அனல் உள்ளே வரும். அப்புறம் ஆரம்பிப்பார்.

"ஏன்டா வீரமலை, ஏ.ஸி. போட்டிருக்கியா இல்லையா?"

"போட்டிருக்கேனுங்க."

"அப்ப எனக்கு ஏன் வேர்த்துக் கொட்டுது? காத்து பூரா முன்னால உனக்கு, புழுக்கம் பூரா பின்னால எனக்கா?"

"கண்ணாடியைக் கொஞ்சம் ஏத்திக்கிட்டீங்கன்னா..."

"கண்ணாடிக்கும் மெஷினுக்கும் என்னடா சம்பந்தம்? எங்க வீட்டு மின்விசிறி ஜன்னலைத் திறந்து வச்சா ஓடாதா?"

வீரமலை பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்வான்.

கியாஸ் தீர்ந்துபோயிருக்கும் என்று முதலாளி முடிவு கட்டி, பாலக்கரையிலிருந்து ஐஸ் பாக்டரி மெக்கானிக் தாஜுதீனை வரவழைத்தார். தாஜுதீன் பானெட்டைத் திறந்து பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், குழாய்களைத் தடவிப் பார்த்தார், காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். இறங்கும்போது அவர் கை சில்லிட்டிருந்தது.

"எல்லாம் சுத்தமா இருக்கு. கண்ணாடியை ஏத்திட்டுப் போகச் சொல்லு" என்றார் வீரமலையிடம், ரகசியம் சொல்லும் குரலில்.

"அதை நீங்களே முதலாளிகிட்ட சொல்லுங்க பாய்."

"நான் எதுக்கு? என் வீட்டு மேல்கூரைக்கு அவர் கடையிலதான் மரம் சொல்லி வச்சிருக்கேன்."

முதலாளியிடம் போய், "லேசா ரிப்பேர் பண்ணிட்டேங்க" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். வீரமலைக்கு வந்த ஆத்திரத்தில் சைக்கிளோடு அவரைத் தூக்கிக் காவேரியில் போடலாம் போலிருந்தது. அங்கே தண்ணீர் இல்லை என்பதால் தப்பித்தார்.

அடுத்து முதலாளியம்மா ரெங்கநாயகி வைத்தியம் பார்க்க வந்தார். வீட்டு ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தால் கூடமே குளிர்கிறது, காருக்கு மட்டும் குளிராதா? தட்டி ஒன்றைத் தைக்கச் சொல்லி, காரின் முன் வலையை மூடி இறுக்கிக் கட்ட வைத்தார். வலைக்குப் பின்னால்தான் ரேடியேட்டர் இருக்கிறது, அதற்குக் காற்று வேண்டும் என்று வீரமலை கெஞ்சினான். "ஏன், வெட்டிவேர் வழியாக் காத்து வராதா? வாசனையாவே வரும்" என்றார் அம்மாள். வாசனை வந்தது உண்மைதான். அம்மா மண்டபம் தாண்டுவதற்குள் வெயிலில் தட்டி காய்ந்து பலகையாகிவிட்டது. நடுப்பாலத்தில் என்ஜின் கொதித்து, ஆவி பீறிட்டு, கார் நின்றது. பின்னால் பஸ்கள், மாட்டு வண்டிகள், எல்லோருடைய வசவும். முதலாளி கொதிக்கிற பாலத்தில் வெள்ளைச் செருப்போடு நின்றுகொண்டு, அம்மாளை ஒன்றும் சொல்ல முடியாத கோபத்தையெல்லாம் வீரமலைமேல் இறக்கினார்.

"வர்ற வெள்ளிக்கிழமை பொண்ணு கல்யாணம் பேச கோயம்புத்தூர் சம்பந்தி ரயில்ல வர்றார். அவரை இந்தக் கார்லதான் கூட்டிட்டு வரப்போறேன். அன்னைக்குக் கார் குளிரலைன்னா, அப்படியே லாரிக்கே போயிடு. என் மூஞ்சியிலேயே முழிக்காதே."

லாரிக்குப் போவதா! அந்த வாரம் வீரமலை சரியாகச் சாப்பிடவில்லை. என்ன ஆச்சு என்று காளியாயி கேட்டதற்கு, வெயில் என்று சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் ஜங்ஷனில் காரை நிறுத்தினான். முதலாளி மாலையோடு பிளாட்பாரத்துக்குப் போனதும் ஸ்குரு டிரைவரை எடுத்தான். கண்ணாடிகளை முழுக்க மேலே ஏற்றிவிட்டு, கதவுகளில் அவற்றை ஏற்றி இறக்கும் கைப்பிடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டிக்கியில் போட்டுப் பூட்டினான். என்ஜினை ஓடவிட்டு, குமிழைக் கடைசிவரை திருகி வைத்தான்.

சம்பந்தி பெரிய சரீரம். வேர்த்து விறுவிறுத்து வந்து உள்ளே சாய்ந்தவர், "அடேங்கப்பா!" என்றார். கார் கிளம்பியது. மலைக்கோட்டை தெரிந்ததும் முதலாளியின் கை வழக்கம்போலக் கதவைத் துழாவியது. மேலே துழாவியது, கீழே துழாவியது.

"டேய், கைப்பிடி எங்கடா?" என்றார் பல்லிடுக்கில்.

வீரமலை திரும்பாமலே, "குளிர் வெளியே போகக்கூடாதுன்னு கழட்டி வைக்கச் சொன்னீங்களே, அதான் வச்சுட்டேனுங்க" என்று சத்தமாகவே சொன்னான்.

முதலாளிக்கு மூச்சு நின்று வந்தது. சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இது நல்ல யோசனைங்களே!" என்று பாராட்டுகிறார். வேறு வழியில்லாமல், "ஆமா ஆமா, நான்தான் சொன்னேன்" என்றார். மலைக்கோட்டையிலிருந்து ராயகோபுரம் வரைக்கும் அத்தனை தெய்வங்களையும் கண்ணாடி வழியாகவே, அதுவும் துண்டுக்கு அடியில் கைகளை மறைத்துக்கொண்டு கும்பிட்டார். தெரிந்தவர்கள் ரெண்டு பேர் அவரைக் கவனிக்காமலே போனார்கள். கார் மார்கழி மாதிரி குளிர்ந்தது. வீரமலைக்கு அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்து நெஞ்சு லேசாயிற்று. வேலை தப்பித்தது, பிரசவத்துக்கு வீட்டில் இருந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டு வாசலில் இறங்கிய சம்பந்தி காரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"மாப்பிள்ளைக்குப் புதுசா ஒரு கார் தேடி நீங்க அலைய வேண்டாமுங்க. இதையே குடுத்துடுங்க. பையன் ரொம்ப ஆசைப்படுவான்" என்றார்.

மகள் கல்யாணம். முதலாளியால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "பேஷா எடுத்துக்குங்க" என்றார். அதோடு நின்றிருக்கலாம். "இந்த மெஷினோட கூறு தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான். டிரைவரையும் சேர்த்தே அனுப்பிடறேன்" என்றார். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார்.

கோயம்புத்தூர்! மார்ச் மாசத்திலேயே கம்பளி தேடுகிற ஊர் என்று வீரமலை கேள்விப்பட்டிருக்கிறான். அங்கே எவனுக்கு ஏ.ஸி.? இத்தனை நாள் வாங்கிய திட்டு, பாலத்தில் பட்ட அவமானம், தின்னாத சோறு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தொண்டைக்கு வந்துவிட்டது.

"நான் போகலைங்க."

"சம்பளம் அதிகமாக் குடுப்பாங்கடா."

"ராத்திரி வீட்டுல இருக்கணும்னுதாங்க இந்த வண்டியைக் கட்டிக்கிட்டு இத்தனை நாள் மாரடிச்சேன். குளிரலைன்னா லாரிக்குப் போன்னீங்க. குளிர்ந்துச்சு, கோயம்புத்தூருக்குப் போங்கறீங்க. நான் என்னதாங்க செய்யட்டும்?"

சம்பந்தி முன்னால் வேலைக்காரன் குரலை உயர்த்தினால் எந்த முதலாளி பொறுப்பார்? சாவியை வாங்கிக்கொண்டு அங்கேயே வேலையிலிருந்து நிறுத்தினார்.

வீரமலை டவுன் பஸ் பிடித்து மன்னார்புரம் வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. பட்டப்பகலில் புருஷன் வந்து நிற்பதைப் பார்த்த காளியாயி, முறத்தை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"என்ன, வண்டி மறுபடியும் குளிரலையா?"

"நல்லாக் குளிர்ந்துச்சு. வேலை போயிடுச்சு."

அவன் நடந்ததைச் சொன்னான். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. திருவேங்கடத்தைத் திட்டினான், தாஜுதீனைத் திட்டினான், வெட்டிவேரைத் திட்டினான், அமெரிக்காவையும் விடவில்லை. காளியாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அதெல்லாம் கிடக்கட்டும். என் பிரசவத்துக்கு இருப்பீங்களா மாட்டீங்களா, அதைச் சொல்லுங்க."

நாளைக்கு எந்த வாசலில் போய் வேலை கேட்பது என்று வீரமலைக்குத் தெரியவில்லை.

"இருப்பேன்" என்றான்.

காளியாயி அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூத்த பிள்ளை போனபோது அழாதவள், இப்போது வாய்விட்டு அழுதாள்.