ஓசி சாப்ட்வேரில் வெட்டிய படம்

என் மகள் தன் முதல் சினிமாவை எடிட் செய்தது ராஜகீழ்ப்பாக்கத்தில், எங்கள் வீட்டு முன்னறையில்தான். ஆட்கள் வந்தால் எனக்கு எதிரே நின்று பேச வராது. சமையலறைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படிக் கேட்டதுதான் இதெல்லாம்.

முதல் நாள் டைரக்டர் வந்தபோது, எந்த சாப்ட்வேரில் படத்தை வெட்டுவது என்று பேச்சு வந்தது. பெரிய படக்காரர்கள் வைத்திருக்கிற, மாதாமாதம் காசு கட்டுகிற ஒன்றை மகள் சொன்னாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா? இலவசமா ஒண்ணு இருக்கே, அதுலயே பண்ணிடு. கதை நல்லா இருந்தா எதுல வெட்டினா என்ன?" என்றார். அவளும் சரி என்றாள்.

கோவளம் கடற்கரையில் எடுத்த காட்சிகள் ஹார்ட் டிஸ்க் ஹார்ட் டிஸ்க்காக வந்தன. அப்படியே ஓட்டினால் எங்கள் பழைய கம்ப்யூட்டர் திக்கித் திக்கி நின்றுவிடும். ஒவ்வொரு காட்சிக்கும் மங்கலாக ஒரு சின்ன நகல் போட்டு, அதை வைத்து வெட்டினாள். வெட்டி முடித்ததும் நகலை எடுத்துவிட்டு அசலை மாட்டிக்கொள்ளலாமாம். மழைக்காலம் பூராவும் அந்த நாற்காலிதான். சர்ச்சுக்குக்கூட வரவில்லை. கேட்டவர்களிடம், "படத்துல எடிட்டர்னு அவ பேரு வரப்போவுது" என்று சொன்னேன். எனக்கு அதுவே பெரிய பேச்சு.

முழுப் படத்தையும் போட்டுக் காட்டியபோது டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் வந்தவர் வேறு மாதிரி பேசினார்.

"படத்தை வாங்கறவங்க எடிட்டர் யாருன்னு கேக்கறாங்கம்மா. பேர் தெரிஞ்ச எடிட்டர் ஒருத்தர் ஒத்துக்கிட்டாரு. அவர் பேர்ல போனாதான் விக்கும்."

"அப்ப நான்?"

"நீ பண்ணது ஓசி சாப்ட்வேர்ல. தியேட்டருக்குப் போற படம், விளையாட்டா?"

"நீங்கதானேண்ணா இதுல பண்ணச் சொன்னீங்க."

"நான் சொன்னா? எடிட்டர்னா நீதான முடிவு பண்ணியிருக்கணும்?" என்று சிரித்தார். "சரி, இதை அவரோட சாப்ட்வேருக்கு நீயே மாத்திக் குடுத்துடு. அவர் பசங்களுக்கு உன்னோடது புரியாது."

மாற்றினாள். வெட்டின இடங்கள் மட்டும் அப்படியே போயின, மற்றதெல்லாம் கலைந்துவிட்டது. மெதுவாக ஓட வேண்டியது வேகமாக ஓடியது, சத்தம் ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமுமாக நின்றது. தான் முதலில் வெட்டியதை ஒரு பக்கம் ஓடவிட்டு, புதுசை அதற்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். சமையலறைக்கு ஒரே அலைச் சத்தம் இரண்டிரண்டு தடவை கேட்கும்.

எல்லாம் சரியானதும் டைரக்டர் வந்து பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை.

"ஆன்ட்டி, டீல சர்க்கரை தூக்கல். உங்க பொண்ணு மட்டும் நல்ல வேலைக்காரி" என்று உள்பக்கம் பார்த்துச் சொன்னார். பிறகு அவளிடம், "படத்து ஆரம்பத்துல எடிட்டர்னு உன் பேர் கார்டு நிக்குது பாரு, அதை எடுத்துடு. அந்த எடிட்டர் பார்த்தா சங்கடம்."

"அசிஸ்டென்ட்னாவது போடுவீங்களாண்ணா?"

"அவர்கிட்டயே நாலஞ்சு பசங்க இருக்காங்கம்மா. இடம் இருந்தா பாக்கலாம்."

ஒரு பொத்தானைத் தட்டினாள். பெயர் போய்விட்டது.

எனக்கு என்ன வந்ததோ, வெளியே வந்துவிட்டேன். "தம்பி, அவ சரியா சாப்பிடக்கூட இல்ல..." என்று ஆரம்பித்தேன்.

மகள் சடாரென்று திரும்பினாள். "உள்ள போம்மா. அஞ்சாங்கிளாஸ் படிச்சுட்டு இதுல பேச வந்துட்டியா?"

அவர் சிரித்தார். அவளும் கூடச் சிரித்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"அடுத்த படத்துக்குக் கூப்பிடுங்கண்ணா. எந்த சாப்ட்வேர்னாலும் கத்துக்கிறேன்" என்று அவள் சொல்வது கேட்டது.

"முதல்ல நல்ல கம்ப்யூட்டரா ஒண்ணு வாங்கு" என்றார்.