டிக்கெட்டுக்காகச் சொன்ன தேதி

என் கல்யாணத் தேதி தெரிந்ததும் முதலில் ரத்தம் சிந்தியவர் என் தாய்மாமன். சிந்த வைத்தவள் நான். கையில் இருந்தது சப்பாத்திக் கட்டை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்பாவுக்குப் பூனாவில், கட்கி ஆயுதத் தொழிற்சாலையில் வேலை. சொந்த ஊர் குடியாத்தம். மாப்பிள்ளை வீடும் அங்கேயே என்பதால் கல்யாணமும் அங்கேதான், மே மாதத்தில். பூனாவில் இருக்கிற தமிழனுக்கு மே மாதக் கல்யாணம் என்றால் முதல் கவலை மேளமோ மண்டபமோ இல்லை, ரயில் டிக்கெட். ரிசர்வேஷன் திறக்கிற அன்றே வரிசையில் நிற்காவிட்டால் அரக்கோணம் வரை ஒற்றைக் காலில் நிற்க வேண்டியதுதான். அதனால் பத்திரிகை அச்சாவதற்கு வெகு முன்பே தேதியை மட்டும் சொல்லிவிடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது சொல்வார்கள், ரேஷன் கடையில் சொல்வார்கள். அதற்கென்று ஒரு முறையும் கிடையாது.

தாய்மாமனுக்கு மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் தாலி ஏறுவதற்கு முன் பெண்ணின் நெற்றியில் ஜரிகைப் பட்டம் கட்டுவது அவர்தான். அம்மாவும் அப்பாவும் ஜோடியாகப் போய், தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து, ஊரில் எவருக்கும் சொல்வதற்கு முன் அவருக்குச் சொல்ல வேண்டும். இப்போது மகர்பட்டா அடுக்குமாடியில் இருக்கிற என் சொந்தக்காரர்கள் ஆறு மாதம் முன்பே எல்லோருக்கும் ஒரே எஸ்.எம்.எஸ். தட்டிவிடுகிறார்கள். தாய்மாமனுக்கும் அதேதான், கேஸ் சிலிண்டர் போடுகிறவனுக்கும் அதேதான். யாருடைய மண்டையும் உடைவதில்லை. நல்லதுதான்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. தாயில்லாத பிள்ளையை அம்மாதான் வளர்த்தாள். பூனாவுக்குக் கூட்டிவந்து ஹடப்சரில் லேத் வேலை வாங்கிக் கொடுத்தது அப்பா. அத்தை பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்ததால் அப்போது அவர் அங்கே தனியாக இருந்தார். மூக்கு நுனியில் கோபம். பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டரின் சட்டையைக் கிழித்துவிட்டு ஒரு பகல் முழுக்கப் போலீஸ் சௌக்கியில் உட்கார்ந்திருந்தவர். நான் சின்ன வயதில் எதையாவது தூக்கி எறிந்தால் அம்மா, "அப்டியே மாமன் புத்தி" என்பாள். எனக்கு அதில் பெருமை வேறு.

ஊரிலிருந்து தேதி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நல்ல நாள் புதன்கிழமைதான் என்று அன்றைக்குத் தட்டோடு ஹடப்சர் போவதாக முடிவு செய்தார்கள். ஆனால் ரிசர்வேஷன் ஞாயிறு காலையே திறந்தது. அப்பா சனிக்கிழமை தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் ஆறு பேரிடம் தேதியைச் சொல்லிவிட்டார். அத்தையைப் பார்க்க ஊருக்குப் போக மாமாவும் டிக்கெட் எடுக்க வருவார் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு பகல் பன்னிரண்டு மணி இருக்கும். நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். கையில் கசங்கிய ரிசர்வேஷன் ஃபாரம்.

"இன்னா மாமா, தேதி வெச்சிட்டீங்களாமே?" என்றார் அப்பாவிடம். "ஸ்டேஷன் கியூல உங்க ஆளுங்க கேக்கறானுங்க, அக்கா பொண்ணு கல்யாணத்துக்குத்தான் டிக்கெட்டான்னு. தெரியாதுன்னேன். சிரிக்கிறானுங்க மாமா. அம்மாம் பேரு முன்னால சிரிக்கிறானுங்க."

அப்பா எழுந்து நின்றார். "புதன்கெழம தட்டோட வர்லாம்னு இருந்தோம்பா. அவங்களுக்குச் சொன்னது டிக்கெட்டுக்கு. சொல்றது வேற, அழைக்கிறது வேற."

"பட்டம் கட்றவனுக்கு புதன்கெழம, பந்தியில துன்றவனுக்கு சனிக்கெழமையா?"

அடுத்த சத்தம் அப்பாவின் கன்னத்தில் விழுந்த அறை. கண்ணாடி பறந்து சுவரில் மோதி உடைந்தது. மாமா சுவரிலிருந்த நாள்காட்டியை ஆணியோடு பிடுங்கி எறிந்தார். தண்ணீர்ப் பானையை உதைத்தார். அதிர்ந்து பேசாத அப்பா, ஒரே ஒரு தடவை, மாமாவின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். அவ்வளவுதான். மாமா அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். அப்பாவின் குதிகால்கள் தரையை விட்டு எழும்பின. அம்மா மாமாவின் முதுகில் குத்திக்கொண்டே, "வுட்றா, வுட்றா" என்று கத்தினாள்.

நான் அடித்தேன். இடது புருவத்திலிருந்து மேலே நெற்றி பிளந்துகொண்டது. மாமா அப்பாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமே இல்லை, நம்பமுடியாமல் பார்த்தார். கையைக்கூட ஓங்கவில்லை. நான் மறுபடி அடித்தேன், அதே இடத்தில். முதல் அடி அப்பாவுக்காக. இரண்டாவது அடி எனக்கு இனித்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு மராத்திக்கார அம்மா, "காய் ஜாலா?" என்ன ஆச்சு என்று ஓடி வந்தார். அம்மா வாசலை மறைத்துக்கொண்டு, "காஹி நாஹி, காஹி நாஹி" என்றாள். ஒன்றுமில்லை என்று ஆட்டிய அந்தக் கையிலிருந்து தம்பியின் ரத்தம் சொட்டியது. பிசைந்த மாவிலும் ரத்தம். அவரை அனுப்பிவிட்டு வந்த அம்மா, முந்தானையால் தம்பியின் தலையை அழுத்திப் பிடித்தபடி இன்னொரு கையால் என்னை ஓங்கி அறைந்தாள்.

"பட்டம் கட்ட வர்றவன் நெத்தியவாடி ஒடைச்ச?"

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். லூனா வண்டியிலிருந்து விழுந்துவிட்டதாக மாமா டாக்டரிடம் சொன்னார். வெளியே வந்ததும் அம்மாவைப் பார்த்து, "வேற எவனையாச்சும் வெச்சி கட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிப் போனார்.

புதன்கிழமை அம்மாவும் அப்பாவும் தட்டோடு போனார்கள். மாமா கதவைத் திறந்து தட்டை எட்டி உதைத்தாராம். வாழைப்பழம் மாடிப்படியில் உருண்டதாம். அம்மா ஒவ்வொரு வெற்றிலையாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. அப்பாவிடம் மட்டும் சொன்னாள்: "அவன் வர்லன்னா நான் மணவறைக்கு வரமாட்டேன். என் பொறந்த வீடுன்னு சொல்லிக்க இருக்கறது அவன் ஒருத்தன்தான்." அம்மா சொன்னால் சொன்னதுதான். அம்மா இல்லாத மணவறையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அப்போதும் மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை. என் அப்பாவின் கழுத்தை நெரித்தவர்தானே?

மூன்று வாரம் வீம்பாக இருந்தேன். பிறகு ஒருநாள், அதே தட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி ஹடப்சர் போனேன். கல்யாணப் பெண் தன் கல்யாணத்துக்குத் தானே அழைக்கப் போவது எங்கும் இல்லாத வழக்கம். மாமா கதவைத் திறந்தார். தையல் பிரித்த இடம் சிவப்பாக, தடிப்பாக இருந்தது.

"மாமா, நான் சொல்ல வந்திருக்கறேன்" என்று தேதியையும் முகூர்த்த நேரத்தையும் சொல்லித் தட்டை நீட்டினேன்.

தட்டை வாங்கி உள்ளே பத்திரமாக வைத்தார். திரும்பி வந்தார். என்னை ஒரு அறை அறைந்தார். காது கொய்யென்றது. கதவைச் சாத்திக்கொண்டார். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, அந்தக் கதவை உடைத்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

மே மாதம். முன்கூட்டித் தேதி தெரிந்த ஆறு குடும்பமும் பெர்த்தில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு சுகமாக வந்து சேர்ந்தது. முகூர்த்தத்தன்று காலையில் அம்மா மண்டபத்தின் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் பழைய புடவையோடு உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் பங்காளி முறையில் ஒருவரை வைத்துப் பட்டம் கட்டலாம் என்று அப்பா கெஞ்சினார். அம்மா மூட்டையை விட்டு எழவில்லை. மேளக்காரர் வாசித்ததையே வாசித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கழுத்து மாலையைப் பிய்த்து எறியப் போனேன். பக்கத்திலிருந்த பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போது வாசலில் ஒரே சலசலப்பு. மாமா வந்துகொண்டிருந்தார். ரிசர்வேஷன் எல்லாம் தீர்ந்துபோன வண்டியில், பொதுப் பெட்டியில், கக்கூஸ் பக்கத்தில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். பாதம் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் வெறுங்காலோடு நடந்தார். சட்டையெல்லாம் கரி. நேராக ஸ்டோர் ரூமுக்குப் போய், "எழுந்து பொடவ மாத்துக்கா" என்று அதட்டியது எனக்குக் கேட்டது.

குளித்துவிட்டு வந்து என் எதிரே நின்றார். அந்தத் தழும்பு என் கண்ணுக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் இருந்தது. புருவ முடி அந்த இடத்தில் திரும்ப முளைக்கவே இல்லை. பட்டத்தை என் நெற்றியில் வைத்து, பின்னந்தலையில் நூலை இறுக்கி முடிச்சுப் போட்டார். நான் முகத்தைச் சுளித்திருக்க வேண்டும். கை சட்டென்று நின்றது. முடிச்சைத் தளர்த்தினார்.

"நெத்தி வலிக்குதாம்மா?" என்றார்.

நான் அழுத அழுகையைப் பார்த்து, பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள்.