மதினியின் வரிசையில் பூங்கொத்து

சேத்தூர் தோட்டத்தில் மேற்குப் பக்கம் காலியாகக் கிடந்தது. அதிலும் திராட்சைதான் என்று முடிவாகிவிட்டது. எந்த அடிச்செடியின் வேரில் ஒட்டுக் கட்டுவது என்பதில்தான் இழுபறி.

“ஆளுக்கு ஒரு வரிசை போடுங்க. எவ வரிசை நல்லாப் பூக்குதோ, மேக்காலயும் அவ சொல்றதுதான்” என்றார் அப்பா.

போட்டி எனக்கும் மதினிக்கும். அண்ணன் பட்டாளத்தில் இருப்பதால் தோட்டம் மதினி கையில். நான் தோட்டக்கலை படித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன்.

அடிச்செடி நாற்றுகளை நான்தான் வாங்கி வந்தேன், இரண்டு ரகம். தடித்த வேர், வேகமான தளிர், கரும்பச்சை இலை, மூன்றும் இருந்ததை எடுத்துக்கொண்டு, நோஞ்சானாக நின்றதை மதினி பக்கம் தள்ளினேன். இரண்டிலும் ஒட்டியது ஒரே பன்னீர் திராட்சை. தண்ணீரும் உரமும் ஒன்றே.

என் கொடி பந்தலை மூடியது. ஆனால் கவாத்து முடிந்து துளிர்த்தபோது மதினியின் வரிசையில் பூங்கொத்தாக இறங்கியது. என்னுடையதில் இலை, பற்றுக்கம்பி, மறுபடி இலை.

“ஏட்டி, ஒன் பந்தல்ல ஆடு கட்டலாம் போலருக்கே. எம்புட்டு நெழலு!” என்றார் மதினி.

சிரித்துவைத்தேன். அன்றிலிருந்து அவர் செய்த எதுவும் பிடிக்கவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு நடப்பது, பார்க்க வந்தவர்களுக்கு மோர் கொடுப்பது, அப்பா அவரைத் ‘தாயி’ என்பது. என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார். அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

இரண்டு வேரையும் குறுக்கே சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். என் வேரில் நீர்க்குழாய்கள் அகல அகலமாக இருந்தன. மதினியுடையதில் ஊசிக்காது போல. அகலக் குழாய்கள் தண்ணீரை அள்ளி அனுப்ப, கொடி தழைப்பதிலேயே நின்றுவிட்டது. மொட்டுக்குள் பூ உருவாகும் சமயத்தில் தன் நிழலே அதற்கு வினையானது. இரண்டே வரிசையை வைத்து இப்படித் தீர்மானிக்கக் கூடாதுதான். ஆனாலும் எனக்குச் சந்தேகமில்லை.

வீட்டில் சொன்னேன்: “மதினி வரிசை நாத்தும் நான் வாங்கிக் குடுத்ததுதான்ப்பா.”

“நீ வேண்டாம்னு தள்ளுனதுதான தாயி” என்றார்.

எங்கள் வீட்டில் முதல் காய்ப்பை, வைத்தவர் கையாலேயே அய்யனார் கோவிலுக்குக் கொண்டுபோக வேண்டும். பைக்கை நான் ஓட்டினேன். மதினி கூடையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால்.

“மேக்கால எதப் போடலாம்ட்டி? நீதான் படிச்சவ, சொல்லு.”

“ஒங்க அடிச்செடியத்தான்.”

“இன்னொருக்கா சொல்லு. காத்துல கேக்கல.”

கேட்டிருக்கும். கண்ணாடியில் அவர் பல் தெரிந்தது. வண்டியை முறுக்கினேன்.